காது கேட்காத அக்கா

நாமகிரிப்பேட்டை,
12.7.1982

அன்புள்ள கண்ணாத்தா,

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக ஆறு பேட்டரிக் கட்டைகளை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தேன். தீர்ந்துபோன கட்டை வெயிலில் காய்ந்தால் இன்னும் இரண்டு நாள் பேசும் என்று யாரோ சொன்னார்கள். பேசத்தான் செய்கிறது. எப்படி என்று எனக்கு விளங்கவில்லை, உனக்குத் தெரிந்தால் எழுது. எங்கள் வீட்டுக்காரர் முறத்தைப் பார்த்துவிட்டு, “மஞ்சளு காயப்போடற ஊருல பேட்டரிக் கட்டயக் காயப்போடற ஒரே பொம்பள நீதான். வேவிச்சுப் போட்டயா, பச்சயாவே போட்டயா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

உங்கள் அஸ்தம்பட்டி ஆபீஸிலிருந்து எங்கள் பள்ளிக்கு டேப் ரிக்கார்டரும் உன் குரலில் பதிந்த பாடக் கேசட்டுகளும் வந்து ஒரு மாதம் ஆகிறது. நீ எடுத்துச் சொன்னதால்தான் இந்தச் சின்னப் பள்ளி உங்கள் திட்டத்தில் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்குக் கரண்ட் இல்லாததால் இந்தப் பேட்டரிக் கூத்து.

சத்துணவு ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார இடமில்லை. அத்தனை கூச்சலும் உன் குரல் வந்ததும் அடங்கிவிடுகிறது. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடம் கேட்ட குரல், இப்போது பெட்டிக்குள்ளிருந்து “குழந்தைகளே!” என்று கூப்பிடுகிறது. பிள்ளைகள் உன்னைப் ‘பொட்டி அக்கா’ என்கிறார்கள். ‘மழை’ என்று நீ சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இதுவரை ‘மள’ என்றவர்கள் நாக்கை மடித்துப் பார்க்கிறார்கள். சிலருக்கு வந்தும்விட்டது. இத்தனை வருடத்தில் என்னால் முடியாத காரியம் அது. அதற்காக உனக்கு ஒரு கும்பிடு.

ஆனால் நாலாம் பாடத்தில் ஒன்று நடந்தது. “காட்டிலே யார் யார் இருப்பார்கள்? சொல்லுங்கள் பார்க்கலாம்!” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லக் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கிறாய் அல்லவா? அந்த இடைவெளியில் எங்கள் வகுப்பு சொன்ன பதில்கள் இவை.

“எங்கப்பனுங்க!”

“எங்க பெரியப்பனும் எருமையும்!”

“கடலக்காச் செடீங்க!”

கடைசி வரிசையில் ஒருத்தன், காலையில் எழுந்ததும் எதற்குக் காட்டுக்குப் போகிறோம் என்பதைச் சொன்னான். அதை எழுத முடியாது.

உடனே நீ, “சரியாகச் சொன்னீர்கள், குழந்தைகளே! சிங்கம், புலி, கரடி!” என்றாய்.

வகுப்பு திகைத்துப்போனது. குழந்தைவேல் என்று ஒரு பையன் எழுந்து, “டீச்சருங்க, எங்கப்பன் கரடீங்களா?” என்று கேட்டான். நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி: “அந்த அக்காளுக்குக் காது கேக்காதுங்களா?”

இந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பாடம் எழுதும்போது அது உனக்கு எங்கே போனது, பாடத்தைப் போட்டுக் காட்டும்போது எனக்கு எங்கே போனது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
சாரதாமணி

&nbsp;

அஸ்தம்பட்டி, சேலம்,
17.7.1982

அன்புள்ள சாரதா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர், “சிரிக்கிறீங்களா மேடம், அழறீங்களா?” என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அந்த நாலாம் பாடம் எப்படிப் பதிவானது தெரியுமா? ஏற்காடு ரோட்டில் போகிற பஸ் சத்தம் விழாமலிருக்க ஜன்னலெல்லாம் கம்பளி கட்டி, காற்றாடியை நிறுத்தி, வேர்வை ஒழுக ஒழுகப் பேசினேன். எதிரில் குழந்தைகள் இல்லை. ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் “சரியாகச் சொன்னீர்கள்” என்றேன். பின்னே சுவரிடம் “தப்பாகச் சொன்னீர்கள்” என்றா சொல்வது?

காட்டுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று எனக்கா தெரியாது? தெரிந்துதான் விட்டேன். புத்தகத்துக் காட்டில் சிங்கம் இருக்கிறது. அந்தக் குழந்தைகள் நாளைக்கு ராசிபுரத்தில் பெரிய பள்ளியில் படிக்கும்போது, சேலத்தில் காலேஜில் சேரும்போது, புத்தகத்துக் காடுதான் கேள்வித்தாளில் வரும். கடலைக்காய்க் காடு வராது.

ஹாஸ்டலில் முதல் வாரம் உனக்கு மறந்துவிட்டதா? சாப்பாட்டு மேஜையில் “எங்க ஊட்டுல” என்று ஒரு வார்த்தை சொன்னேன். மெட்ராஸ் பெண்கள் மூன்று வருடம் என்னை ‘ஊடு’ என்றே கூப்பிட்டார்கள். “ஊடு வந்தாச்சு”, “ஊட்டுக்கு மோர் ஊத்துங்க.” நீயும் அப்படித்தான் பேசினாய், ஆனால் நீ கூசவில்லை, அதனால் உன்னை விட்டுவிட்டார்கள். நான் கூசினேன். ராத்திரி போர்வைக்குள் வாயை மூடிக்கொண்டு வீடு, வீடு, வீடு என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தக் குரலைச் செய்துகொண்டேன். இன்று உன் வகுப்பை அடக்குகிற குரல் அதுதான். ஒரு குழந்தையும் அப்படிப் போர்வைக்குள் படிக்க வேண்டாம் என்றுதான் மேச்சேரிப் பள்ளியிலிருந்து இந்த வேலைக்கு வந்தேன்.

இப்போது முக்கியமான செய்தி. தீபாவளிக்குப் பிறகு கமிட்டி வருகிறது. பள்ளிபள்ளியாகப் போய் நாலாம் பாடத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். குழந்தைகள் ஒழுங்காகப் பதில் சொல்கிற பள்ளியில் பெட்டி நிற்கும். மற்ற இடங்களிலிருந்து எடுத்து வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். உன் பள்ளியில் அது நிற்க வேண்டும் என்பது என் ஆசை. உன் காதும் கொஞ்சம் என் பக்கம் திரும்பட்டும்.

கண்ணாத்தாள்

பி.கு.: வெயிலில் வைத்த கட்டை எப்படிப் பேசுகிறது என்று கேட்டுப் பார்த்தேன். இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

&nbsp;

நாமகிரிப்பேட்டை,
8.8.1982

அன்புள்ள கண்ணாத்தா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ சொன்னதில் தப்பு எது என்று தேடினேன், அகப்படவில்லை. அதனால் வேறு ஒன்றைச் செய்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ திட்டுவாய்.

டேப் ரிக்கார்டரில் சிவப்புப் புள்ளி வைத்த பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கினால் உள்ளே போகவே இல்லை. பாடக் கேசட்டையும் எங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டையும் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்யாணக் கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன மூடி இருக்கிறது. உன்னுடையதில் அதே இடத்தில் குழி. அந்தக் குழியின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டிப் பார்த்தேன். பொத்தான் உள்ளே போயிற்று! இந்த வயதில் எனக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணக் கேசட்டைத் தொட்டால் இவர் விடமாட்டார். கையில் வேறு இல்லை. நாலாம் பாடத்தின் மேலேயே வகுப்பைப் பதிந்துவிட்டேன்.

இரு, முழுவதும் படி.

‘உங்கள் வீடு’ பாடம் நடந்தது. பிள்ளைகளுக்குத் தங்கள் குரலைக் கேட்டதும் ஒரே குதூகலம். பெருமாயி மட்டும் பெட்டியை முறைத்துப் பார்த்து, “இந்தப் புள்ள என்னாட்டமே பேசுதே, ஆருங்க இது?” என்றாள். அதோடு மறந்துவிட்டேன். சனிக்கிழமை அரிசி புடைத்துக்கொண்டே வீட்டில் மறுபடி போட்டுக் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

நான்: “பெருமாயி, உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?”

பெருமாயி: “வீட்டுல ஆரும் இல்லீங்க டீச்சர்.”

நான்: “யாருமே இல்லையா? அம்மா, அப்பா?”

பெருமாயி: “அவிங்கெல்லாம் ஊட்டுல இருக்கறாங்க.”

நான்: “ஊடு இல்லை, வீடு. எங்கே சொல்லு.”

பெருமாயி: “வீடு.”

நான்: “சரி, உட்கார்.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பில் நின்றபோது இது என் காதில் விழவே இல்லை, கண்ணாத்தா. உச்சரிப்பைத் திருத்திவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அவள் சொன்னது உச்சரிப்பு இல்லை. வீடு வேறு, ஊடு வேறு என்கிறாள்.

திங்கட்கிழமை சிலேட்டில் வீடு வரையச் சொன்னேன். முக்கோணக் கூரை, நடுவில் கதவு, பக்கத்தில் தென்னை மரம், பின்னால் இரண்டு மலை. புத்தகத்துப் படம். அத்தனை சிலேட்டிலும் அதேதான், ஆள் ஒருவரும் இல்லை. அழிக்கச் சொல்லிவிட்டு, ஊடு வரையச் சொன்னேன். ஒருவன் முதலில் ஆட்டுப் பட்டியைப் போட்டான். பெருமாயி வாசலில் கட்டிலைப் போட்டு அதன் மேல் அப்பனைப் போட்டாள். மாரக்காள் என்கிற பெண் சிலேட்டு நிறைய அடுப்பை வரைந்துவிட்டு, “எடம் பத்தலீங்க, எங்கம்மாளை எங்க வெக்கிறது?” என்று கேட்டாள்.

இத்தனை வருடம் வீடு என்று எழுதக் கற்றுக்கொடுத்தேன். அவர்கள் ஒரு படத்தின் பெயரைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் அதில் கேட்டது. என் குரல். கேள்வியைக் கேட்கிறேன், பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நானே பாதிப் பதிலைச் சொல்கிறேன், நானே “சரி” என்கிறேன். உன் பாடத்திலாவது ஓர் இடைவெளி இருக்கிறது. என்னிடம் அதுவும் இல்லை. அந்தப் பையன் காது கேட்காத அக்கா என்று உன்னைச் சொன்னபோது நான் சிரித்தேனே, டீச்சருக்கும் கேட்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்குமோ?

நீங்கள் பேசுகிற பெட்டி என்று அனுப்பினீர்கள். அதைக் கேட்கிற பெட்டியாகவும் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சாரதாமணி

&nbsp;

அஸ்தம்பட்டி,
12.8.1982

சாரதா,

அந்தக் குழி தெரியாமல் உடைந்துபோன இடமில்லை. யாரும் மேலே பதியக் கூடாது என்று நாங்களே உடைத்துவிட்டது. நீ பிளாஸ்திரி ஒட்டி அடைத்தது அரசாங்கத்துக் கேசட். அழித்தது என் குரல்.

மற்றவர்கள் செய்திருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கும். உன்னிடம் கேட்க முடியாது, ஏனென்றால் நீ விளக்கத்தை ஏற்கெனவே நாலு பக்கம் எழுதிவிட்டாய், அதுவும் நன்றாக எழுதிவிட்டாய். அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

இத்துடன் நாலாம் பாடத்தின் வேறு பிரதி வைத்திருக்கிறேன். இதன் முதுகைத் தொடாதே.

கண்ணாத்தாள்

&nbsp;

நாமகிரிப்பேட்டை,
19.9.1982

அன்புள்ள கண்ணாத்தா,

மூன்று கடிதம் போட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அதனால் இந்தமுறை கடிதத்தோடு ஒரு கேசட்டும் அனுப்புகிறேன். பயப்படாதே, நாலாம் பாடம் பத்திரமாக இருக்கிறது. இது எங்கள் கல்யாணக் கேசட்டின் மறுபக்கம். இவர் கேட்டால் நாதஸ்வரம் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்வேன்.

இப்போது நாங்கள் பாடம் நடத்துகிற முறையைச் சொல்கிறேன். நீ கேள்வி கேட்டதும் பெட்டியை நிறுத்திவிடுகிறோம். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். பிறகு பெட்டியைத் திறந்து, அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்போம். இரண்டும் ஒன்றா வேறா என்று சண்டை போடுவார்கள். நீ நினைப்பதுபோல அவர்கள் உன்னைத் தள்ளிவிடவில்லை. உன் சொற்களை எடுத்துக்கொண்டு தங்கள் சொற்களுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். இப்போது எங்கள் வகுப்பில் இரண்டு காடு இருக்கிறது. ஒன்று ‘எங்க காடு’. இன்னொன்று ‘அக்கா காடு’, அதில்தான் சிங்கம். வீட்டுக் கணக்கும் தீர்ந்தது. பெருமாயியே தீர்த்தாள்: “ஊட்டுக்கு அந்தக்கா வெச்ச பேருதானுங்க வீடு?” போன வாரம் வீடு வரையச் சொன்னேன். முக்கோணக் கூரைக்குக் கீழே ஆட்டுப் பட்டி வந்துவிட்டது.

பொத்தான்களை அவர்களே அமுக்குகிறார்கள். நிறுத்துகிற பொத்தான் பெருமாயியின் பொறுப்பு. கருவியைக் குழந்தைகள் தொடக் கூடாது என்று பெட்டியோடு வந்த உங்கள் அட்டையில் எழுதியிருக்கிறது. எழுதினது யார் என்று கேட்கவில்லை.

புரியாத ஒன்றும் இருக்கிறது. குழந்தைவேல் வகுப்பில் நிற்கும்போது திக்குவான், பெட்டியிடம் பேசும்போது திக்குவதில்லை. முகம் இல்லாததாலா? கேட்கிற பெட்டி அவசரப்படாததாலா? தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் அவனைப் பெட்டியிடம் பேசவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேசட்டில் இருப்பது என்னுடைய வேலை இல்லை. பிள்ளைகள் உனக்காக ஒரு பாடம் செய்திருக்கிறார்கள். கேட்டுவிட்டுத் திட்டு.

சாரதாமணி

&nbsp;

அஸ்தம்பட்டி,
4.10.1982

சாரதா,

கேசட் வந்தது. டிராயரில் வைத்திருக்கிறேன். கேட்கவில்லை. கேட்டால் உன்மேல் கோபமில்லாமல் எழுத வேண்டி வரும் என்று தோன்றுகிறது. இப்போது அதற்கு நேரமில்லை.

உன் பள்ளிக்குக் கமிட்டி வருவது நவம்பர் 18. பாடம் பேசியவள் கூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் நான் வர முடியாது. நீ உன் முறைப்படி என்ன வேண்டுமானாலும் செய். அந்த ஒரு நாள் மட்டும் பெட்டி கேட்கும்போது பிள்ளைகள் சிங்கம், புலி, கரடி என்று சொல்லட்டும். மூன்று சொல். இத்தனை வருடப் பழக்கத்தில் உன்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. பெட்டி உன்னிடமே இருக்கட்டும் என்றுதான் இதையும் கேட்கிறேன்.

கண்ணாத்தாள்

&nbsp;

நாமகிரிப்பேட்டை,
19.11.1982

அன்புள்ள கண்ணாத்தா,

அவர்கள் சேலத்தில் ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே உன் காதுக்கு ஏதாவது வந்திருக்கும் என்று பயந்து, இன்றே எழுதுகிறேன்.

நீ கேட்டபடி மூன்று சொல்லையும் பழக்கினேன். இதை நீ நம்ப வேண்டும். தீபாவளி லீவுக்கு முன்பிருந்தே தினமும் பழக்கினேன். பிள்ளைகளுக்கு அது பெரிய காரியமே இல்லை. உனக்காகத்தான் செய்தேன், பெட்டிக்காகவும் செய்தேன். அது போய்விட்டால் குழந்தைவேல் யாரிடம் திக்காமல் பேசுவான்?

மூன்று பேர் வந்தார்கள். நடுவில் உட்கார்ந்த அதிகாரி வயதானவர், நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். நாலாம் பாடத்தைப் போட்டோம். நீ கேட்டாய், “காட்டிலே யார் யார் இருப்பார்கள்?”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குழந்தைவேல் எழுந்தான். திக்கவில்லை. “எந்தக் காடுங்க? எங்க காடுங்களா, அக்கா காடுங்களா?”

உடனே நீ, “சரியாகச் சொன்னீர்கள், குழந்தைகளே!” என்றாய்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். பெருமாயி நேராக மேஜைக்குப் போய்ப் பொத்தானை அமுக்கி உன்னை நிறுத்திவிட்டு, அதிகாரியிடம் சொன்னாள். “இந்த அக்காளுக்குக் காது கேக்காதுங்க சாமி. உங்களுக்குக் கேக்குமில்ல, உங்களுக்குச் சொல்றமுங்க. எங்க காட்டுல எங்கப்பன் இருக்கறாருங்க. அக்கா காட்டுல சிங்கம், புலி, கரடி இருக்குதுங்க. உங்க காட்டுல ஆருங்க இருக்கறாங்க?”

அவர் யோசிக்காமல், “எனக்கேது பாப்பா காடு, இருந்ததை அண்ணன் தம்பி பிரிச்சுக்கிட்டாங்க” என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் காது வரை சிவந்துவிட்டது. சிங்கம் அவருக்கும் ஞாபகம் வரவில்லை பார். கூட வந்தவர் தலையைக் குனிந்து எதையோ எழுதினார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “பெட்டியப் பிள்ளைங்க தொடறாங்களா?” என்று கேட்டார். “தொடுகிறார்கள்” என்றேன். “பதில் சொல்லச் சொன்னா கேள்வி கேக்கறாங்களே, அம்மா” என்றார். “ஆமாங்க” என்றேன்.

மூன்று சொல்லையும் பிள்ளைகள் சொல்லத்தான் சொன்னார்கள், கவனித்தாயா? அவற்றை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துச் சொன்னார்கள். அது யாருக்கும் கேட்கவில்லை.

பெட்டி போய்விடும் என்று தெரிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வழக்கம்போலக் கட்டைகளைக் கழற்றி வைத்தேன். காலையில் வெயிலில் வைக்கக் கை போயிற்று, பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

உன்னைச் சங்கடத்தில் விட்டுவிட்டேன். அது எனக்கு வருத்தம். நடந்தது எனக்கு வருத்தமில்லை. இரண்டையும் சேர்த்து எழுதுவது எப்படி என்று தெரியாமல் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறேன்.

சாரதாமணி

&nbsp;

அஸ்தம்பட்டி,
28.11.1982

அன்புள்ள சாரதா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் விழித்ததும் பல் கூடத் துலக்கவில்லை, முதல் வேலையாக உன் கேசட்டைப் போட்டேன். நேற்று ஆபீஸ் டேப் ரிக்கார்டரைக் கேட்டு வாங்கி ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கேட்க முடிவு செய்ததற்குக் காரணம் கமிட்டியின் குறிப்பு. அது வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்தது. உன் பள்ளியைப் பற்றி மூன்று வரி. “மாணவர்கள் விடை கூறாமல் வினா எழுப்புகின்றனர். கருவியை மாணவர்களே கையாள்கின்றனர். கருவியைத் திரும்பப் பெறலாம்.” முதல் வரியைப் பல தடவை படித்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் குறை சொல்ல எழுதிய வரியாக அது எனக்குத் தெரியவில்லை.

கேசட்டில் முதலில் கொஞ்சம் நாதஸ்வரம் கேட்டது. பிறகு பெருமாயியாகத்தான் இருக்க வேண்டும், என் குரலைப் போலவே இழுத்து, “அக்காவே!” என்று கூப்பிட்டாள். நான் “குழந்தைகளே!” என்பேனே, அந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்காவே! உங்க ஊரு எதுங்க? சொல்லுங்கள் பார்க்கலாம்!”

பிறகு இடைவெளி. நான் விடுகிற அதே அளவு இடைவெளி. பின்னால் ஆடு கத்துகிறது, யாரோ உஷ் என்கிறார்கள். நான் சும்மா இருந்தேன். இடைவெளி முடிந்தது. “சரியாகச் சொன்னீர்கள், அக்காவே!” என்றார்கள் எல்லோருமாக.

“அக்காவே! நீங்க தெனமும் இந்தப் பொட்டிக்குள்ளயே இருந்தா சோறு ஆருங்க ஆக்கறது?”

இடைவெளி. “சரியாகச் சொன்னீர்கள், அக்காவே!”

அடுத்தது அந்தப் பையன். நீ எழுதியிருந்தாயே, திக்குவான் என்று. எனக்குத் திக்கல் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகக் கேட்டான். “அக்காவே, உங்க ஊட்டுல ஆரெல்லாமுங்க இருக்கறாங்க?”

ஆடு கத்தவில்லை. ஒருவரும் உஷ் சொல்லவில்லை. அத்தனை பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நான் சொல்லப்போவதைக் கேட்க நிற்பது போல இருந்தது.

நான் வாய்விட்டுச் சொன்னேன், சாரதா. “எங்க ஊட்டுல நா மட்டுந்தானுங்க கண்ணு.”

அம்மா போனதிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. யாரிடம் சொல்வது? என் வாயில் அது இன்னும் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. சொன்ன வேகத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. அதற்குள் இடைவெளி முடிந்து, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது: “சரியாகச் சொன்னீர்கள், அக்காவே! சிங்கம், புலி, கரடி!”

வெகு நேரம் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி என்ன என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகுதான் ‘காது கேக்காதுங்களா’ என்று அந்தப் பையன் முதல் நாள் கேட்ட கேள்வி முழுவதும் புரிந்தது. உண்மையைச் சொல்லி முடித்த வாய் மூடுவதற்குள் ஒருவர் சம்பந்தமில்லாமல் பாராட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

என் பாடம் வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. புத்தகத்துக் காடு அவர்களுக்கு வேண்டும். ‘மழை’ வேண்டும். ஹாஸ்டல் மேஜையில் யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அதை நான் விடமாட்டேன். ஆனால் அதைக் கொடுக்கிறபோது வாயில் இருப்பதைத் துப்பச் சொல்ல வேண்டியதில்லை. அதை உன் வகுப்பு இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டது. நான் போர்வைக்குள் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

நாளைக்கு நான் செய்யப்போவது இது. பெட்டியைத் திருப்பி வாங்கும் உத்தரவை டைப் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அடிக்கப் போவதில்லை. அதற்குப் பதில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ‘குறை பள்ளியில் இல்லை, பாடத்தில் இருக்கிறது. பாடத்தை எழுதியதும் பேசியதும் நான். நாலாம் பாடத்தை வேறு விதமாகப் பதிய வேண்டும். கேள்விக்குப் பிறகு பாராட்டு வராது. “டீச்சர், பெட்டியை நிறுத்துங்கள், பிள்ளைகள் சொல்லட்டும்” என்று வரும். அதைக் கேட்டுப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல எனக்கு அந்த வகுப்பு வேண்டும். அதுவரை கருவி அங்கேயே இருக்கட்டும்.’ கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

குறிப்பைப் படித்துவிட்டு, நீ மேச்சேரிக்கே திரும்பிப் போ என்று எங்கள் மேலதிகாரி சொல்லலாம். சொன்னால் போவேன். அங்கேயும் ஒன்றாம் வகுப்பு இருக்கிறது, அங்கேயும் ஊடு இருக்கிறது.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. குறிப்பை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்த பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். ஆகவே இந்த நிமிஷம் வரை உனக்கும் தெரியாது.

நீ கட்டைகளை வெயிலில் வை.

இப்படிக்கு,
ஊடு